இத்தா அறையில் ஒரு காபிர் புள்ள

ராத்தாவை அவளுடைய ஊர் ஆட்களே காபிர் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

சண்டை நின்றுவிட்டது என்று சொல்லிப் பாதையைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. நின்றது போல நின்று மறுபடியும் தொடங்கியது, அது வேறு கதை. ராத்தா என் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் ஓட்டமாவடி முஸ்லிம், நான் பாலத்துக்கு இந்தப் பக்கத்துச் சைவம். என்னைவிட மூத்தவள் என்பதால் அவர்கள் முறையிலேயே ராத்தா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

“என்னத்துக்கு ராத்தா அப்பிடிச் சொன்னானுகள்?”

“அவ்லியாட ஸியாரத்துக்கு விளக்கு வெச்சதுக்கு.” ஸியாரம் என்பது அவர்களுடைய பெரியவர் ஒருவரை அடக்கிய இடம். வியாழக்கிழமை பின்னேரங்களில் அவளுடைய குடும்பம் அங்கே விளக்கு வைக்கும். அவளுடைய உம்மா வைத்தாள், உம்மாவின் உம்மாவும் வைத்தாள். “கபுறுக்கு விளக்கு வெக்கிறதும் சிலையக் கும்புடுறதும் ஒண்டாம். புதுசா ஓதிட்டு வந்தவனுகள் சொல்றானுகள். தெருவுல வெச்சுச் சொல்றானுகள் புள்ள.”

“அப்ப நீயும் நானும் ஒரே ஆக்களாயிட்டம்.”

“பகிடி உடாத. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது.”

அவளுடைய நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் வீட்டுக்குள் கிடக்கும்வரை சோற்றுப்பானை, அகப்பை போல ஒரு சாமான்தான். தெருவுக்கு இறங்கிவிட்டால் கையில் பொல்லுத்தடியோடு நடக்கும். அது நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் படித்தது கொஞ்சம், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாளில் அந்த அறைக்குள் இருந்தவள் நான். எனக்காக வேறொருவர் இதை எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பல வருஷம் முந்தி எங்கள் வீட்டில் எருமை நின்றது. தயிரைச் சட்டிகளில் உறையவிட்டு, வாழையிலையால் மூடிக் கட்டி, பாலம் தாண்டிக் கொண்டுபோய் விற்பேன். ராத்தாவின் வீடுதான் என் முதல் வீடு. அவர்களிலும் எங்களைப் போலவே பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் செய்தவன் பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆகவே ராத்தாவோடு அவளுடைய உம்மாவும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற லெப்பையான வாப்பாவும் இருந்தார்கள்.

உம்மாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாசல் படலையில் என்னைக் கண்டால் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: “காபிர் புள்ள வந்திருக்கா, சட்டிய எடுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கறுத்தவளைக் கறுப்பி என்பது போலத்தான் சொன்னாள். எனக்குப் பொருள் தெரியாமல் சில காலம் போனது. ஒரு நாள் கேட்டேன்.

“சிலையக் கும்புடுற ஆக்கள்” என்றாள் உம்மா.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “எங்கட அம்மனுக்குச் சிலை இல்ல. வருசம் முழுக்கக் கோயில் கதவு பூட்டுத்தான். வைகாசியில கதவு திறந்தாலும் நாங்க பார்க்கிறது கும்பமும் வேப்பிலையும். எந்தச் சிலையக் கண்டீங்க நீங்க?”

“கும்பத்தக் கும்புட்டா என்ன, கல்லக் கும்புட்டா என்ன? எல்லாம் ஒண்டுதான்.”

உள்ளே இருந்த லெப்பை சிரித்தார். அவருக்கு அரபு தெரியும். “அந்தச் சொல்லுக்கு மூலம் மூடுறது. உண்மைய மூடுறவன் காபிர். விதைய மண் போட்டு மூடுறானே கமக்காரன், அவனுக்கும் அரபுல அந்தச் சொல்தான் வரும்” என்றார்.

“அப்ப வட்டைக்குப் போற நம்மட ஆக்களெல்லாம் காபிரா?” என்று உம்மா கேட்டாள். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு.

“வாய மூடு.”

“மூடினா நானுமெல்லோ காபிராயிடுவன்!”

ராத்தா சிரித்துச் சிரித்துத் தயிர்ச் சட்டியைச் சாய்த்துவிட்டாள். அந்த வீட்டில் அந்தச் சொல் அப்படித்தான் இருந்தது.

எங்கள் பக்கத்திலும் அவர்களுக்கென்று ஒரு சொல் வைத்திருந்தோம். அதை இங்கே எழுதமாட்டேன். அதுவும் அடுப்படியிலிருந்து தெருவுக்கு இறங்கிய சொல்தான்.

அந்த வீட்டுக்கும் எங்கள் அம்மனுக்கும் ஒரு கொடுக்கல் இருந்தது. உம்மா சிறுபிள்ளையாக இருக்கையில் அம்மை கண்டு, கண் திறக்காமல் கிடந்தாளாம். அவளைப் பெற்றவள் பாலம் இல்லாத காலத்தில் தோணியில் வந்து, எங்கள் அம்மன் கோயில் வாசலில் நின்று அழுதாளாம். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து வைகாசிச் சடங்கின் கடைசி நாளான குளுத்திக்கு, அம்மனைக் குளிரவைக்கிற அந்த நாளுக்கு, அம்மனுக்கு மேலே மேற்கட்டியாகக் கட்டுகிற வெள்ளைத் துணி அந்த வீட்டிலிருந்து வரும். உம்மா தன் கையால் முழம் போட்டு எடுத்து வைப்பாள். கடையில் வாங்கி வருகிறவர் லெப்பை. “இது மார்க்கத்துல இல்ல” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கி வருவார்.

“காபிர்ட சாமிக்கு ஏன் துணி குடுக்கிறீங்க?” என்று நான் சீண்டினால் உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “அது எனக்கும் அவவுக்கும் உள்ள பேச்சு. உனக்கென்னத்துக்கு?”

கதவு திறந்த அன்று நாங்கள் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொள்வோம். காப்புக் கட்டியவர்கள் குளுத்தி முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது, காப்பை அறுக்கக்கூடாது. அறுத்தால் அம்மனின் சூடு ஊர்ப் பிள்ளைகள் மேல் இறங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. வெள்ளை எடுக்கப் போகிறவளுக்கு மட்டும் விலக்கு. “அந்த வீடு அம்மனுக்கு எல்லைக்குள்ளதான்” என்பார் பூசை செய்கிற கட்டாடியார். தயிர் கொண்டுபோகிற நான்தான் வெள்ளையும் எடுத்து வருவேன். அது எனக்குப் பெரிய பெருமை.

ராத்தாவின் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒருத்தி இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. தயிரை விரலால் தொட்டு நக்கிவிட்டு, “உன்ட எருமை ஆத்துக்குள்ள நிண்டுதான் கறக்குதா? தண்ணியாக் கிடக்கு” என்பாள். என் தயிரைக் குறை சொன்னவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். அதனால் அவளோடு பேச்சை விட்டுவிட்டேன். அவளும் விட்டுவிட்டாள்.

நான் சொல்ல வந்த அந்த வருஷம் மாசிக்குப் பிறகு எல்லாம் கெட்டது. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போய்த் திரும்பவில்லை, அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வந்து திரும்பவில்லை என்று பேச்சு. யாருடைய துவக்கு சுட்டது என்று யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். நான் தயிர் கொண்டுபோவதை நிறுத்தினேன். பிறகு வைகாசி வந்தது, கதவு திறந்தது, காப்புக் கட்டினோம். வெள்ளை எடுக்கப் போகவேண்டாம் என்று என் புருஷன் சொன்னார். கட்டாடியாரும் கடையில் வாங்குவோம் என்றார்.

நான் கேட்கவில்லை. உம்மாவின் வெள்ளை இல்லாமல் குளுத்தி நடந்ததில்லை, என் காலத்தில் நடக்கவும் விடமாட்டேன் என்றேன். குளுத்திக்கு முதல்நாள் காலையில் தயிர்ச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு, பாலத்துக் காவல் சென்றியில் ஆமிக்காரனுக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன்.

லெப்பை அந்த வருஷம் பங்குனியில் மௌத்தாகிப் போயிருந்தார். உம்மா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் அவர்கள் முறைப்படி சில மாதங்கள் வெள்ளை உடுத்து, திரை போட்ட உள்ளறையில் இருப்பாள். வெளி ஆண்கள் அவளைப் பார்க்கக்கூடாது. அந்த வீட்டில் இன்னும் கடுமை. அவளுடைய குரல்கூட வெளி ஆணின் காதில் விழக்கூடாது என்பார்கள். நான் பெண், ஆகவே திரையை விலக்கிப் போனேன். உம்மா இளைத்திருந்தாள். முழம் போட்ட துணி அவளுடைய பாயில் மடித்திருந்தது.

“அவர் போறதுக்கு முன்னமே வாங்கி வெச்சிட்டார்” என்றாள். “கொண்டு போ. நிக்காத, காபிர் புள்ள. இண்டைக்கு ஊர் நல்லால்ல.”

நான் எழும்பவில்லை, அதற்குள் தெருவில் ஒரு அலறல். பிறகு பல குரல்கள். ராத்தா ஓடி வந்தாள். அவளுடைய உதடு வெளுத்திருந்தது.

“வட்டைக்குப் போன ஆக்கள் திரும்பி வரல்லயாம். சைக்கிள்கள் மட்டும் ரோட்டோரத்துல கிடக்காம். பாலத்தப் பூட்டிட்டாங்க. பொடியனுகள் வீடு வீடாப் பார்த்து வாறானுகள்.”

“எதைப் பார்க்கிறானுகள்?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டு வேலிக்கு அப்பால் அந்தச் சொல்லைக் கேட்டேன். “காபிர் ஆரும் உள்ளுக்க இரிக்காங்களா?” உம்மா சொல்கிற அதே சொல். ஆனால் அது உம்மா சொன்ன சொல் இல்லை. வெளியே முற்றத்தில் என் தயிர்ச் சட்டிகள் வாழையிலைக் கட்டோடு வரிசையாக இருந்தன. அந்தக் கட்டு யாருடைய கட்டு என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

உம்மா தன் முந்தானையை எச்சிலில் நனைத்து என் நெற்றியில் இருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்ணின் பொட்டை, இத்தா இருக்கிற கை துடைத்தது. தாலியைச் சட்டைக்குள் தள்ளினேன். ராத்தா பாக்குவெட்டியோடு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“காப்ப அறுக்கணும்.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். “வேணா, ராத்தா. எங்கட ஊர்ல சின்னப் புள்ளைகள் இருக்கு.”

“உன்ட உசிரு போகப்போகுது, விசரி!”

“அறுத்தா உன்ட புள்ளைகளுக்கு அம்மாள் போடுமெண்டா அறுப்பியா?”

“விடு” என்றாள் உம்மா. ராத்தாவின் கையிலிருந்து பாக்குவெட்டியை வாங்கிப் பாய்க்கடியில் வைத்தாள். “அம்மாள் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். அறுக்க வேண்டாம்.”

பிறகு மடித்து வைத்திருந்த அம்மனின் வெள்ளையை உதறி விரித்து, என் தலையிலிருந்து கால்வரை சுற்றினாள். என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. இது அம்மனுக்குக் கட்ட வேண்டியது, மனிதர் உடம்பில் படக்கூடாதது என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது. மறுபக்கம் படலை திறக்கிற சத்தம் கேட்டது.

முற்றத்தில் செருப்புச் சத்தம். ஒரு சட்டி உடைந்தது.

“தயிர்க்காரி வந்திருக்காளே, ராத்தா?”

“காலமே வெச்சிட்டுப் போயிட்டா” என்றாள் ராத்தா. குரல் நடுங்கியது. அது எனக்கே கேட்டது, அவர்களுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

“சட்டிய உட்டுட்டா போனா? விலகுங்க, உள்ள பார்க்கணும்.”

காலடி திரைக்குக் கிட்ட வந்தது. காப்புக் கட்டிய கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டேன். அம்மன் பெயரைச் சொல்லவும் பயம், சொன்னால் வாயிலிருந்து வெளியே வந்துவிடுமோ என்று.

அப்போது உம்மா பேசினாள். இத்தா அறைக்குள் இருந்து, வெளி ஆண்கள் கேட்க, தொண்டை கிழியப் பேசினாள்.

“ஆர்ரா அவன், இத்தா அறைக்குக் கிட்ட வாறவன்? உனக்கு அலிப் படிச்சுத் தந்த மனுசன்ட பொஞ்சாதி இரிக்கிற அறைடா இது! அவர்ட கபுறு இன்னும் காயல்ல. திரையத் தொடு பார்ப்பம். தொட்டுட்டு நாளைக்கு எந்த முகத்தோட பள்ளிவாசலுக்குப் போவாய்?”

காலடிகள் பின்வாங்கின. அந்தக் குரலைக் கேட்டதே தங்களுக்குப் பாவம் என்பது போலப் பின்வாங்கின. யாரோ “மன்னிச்சுக்கங்க உம்மா” என்றான். ஆனால் போகவில்லை. முற்றத்தில் குசுகுசு. பிறகு ஒருவன் சொன்னான்:

“நாங்க வரல்ல. ஒரு பொம்புளய அனுப்பிப் பார்ப்பம்.”

உம்மா என் தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

திரை விலகியது. அடுத்த வளவுக்காரி வந்து நின்றாள்.

அவளுடைய முகத்தை முழுதாகப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணில்தான் பார்த்தேன். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அழுது கண் வீங்கியிருந்தது. அவளுடைய புருஷனும் அன்று விடியவே வட்டைக்குப் போனவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவளுக்குத் தெரிந்துதான் வந்து நின்றாள்.

ஒரு இத்தாக்காரி இருக்க வேண்டிய அறையில் இரண்டு வெள்ளை. அவள் குனிந்தாள். நான் இன்னும் சுவரோடு ஒடுங்கினேன். ஒடுங்கியதில் துணி நழுவி, மடிக்குள் இருந்த கை வெளியே தெரிந்தது. மணிக்கட்டில் மஞ்சள் நூல், அதில் முடிந்த வேப்பிலை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெளியே ஒருவன், “என்ன மாமி, ஆர் இரிக்கா?” என்றான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருக்க அவள் படித்திருக்க வேண்டியதில்லை.

அவள் கையை நீட்டினாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். துணியின் ஓரத்தை எடுத்து என் மணிக்கட்டை மூடினாள். ஒரு முறை அழுத்திவிட்டாள், நழுவாமல் இருக்க. அவளுடைய விரல்கள் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தன.

வெளியே போய்ச் சொன்னாள்: “உம்மா இரிக்கா. கூட இரிக்கிறதும் இத்தாப் பொம்புளதான். போங்கடா. போய் நம்மட ஆக்களத் தேடுங்க.”

அன்று இரவும் மறுநாளும் அந்த அறையிலேயே இருந்தேன். குளுத்தி நான் இல்லாமல், வெள்ளை இல்லாமல் நடந்தது. பறைச் சத்தம் ஆற்றுக்கு மேலாக மெல்லக் கேட்டது, கேட்டதா அல்லது நினைத்தேனா தெரியாது. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் உம்மா என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள். ஒரே ஒரு முறை, “சாப்பிடு, காபிர் புள்ள” என்றாள். அது மறுபடியும் உம்மாவின் சொல்லாகவே இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

பாலம் திறந்த காலையில் வட்டையிலிருந்து உடல்களைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வளவிலிருந்து வந்த குரலை நான் எழுதமாட்டேன். அவளுக்கு இத்தா உடுக்க வெள்ளை வேண்டியிருந்தது. கடைகள் பூட்டு. நான் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்தேன். மனிதர் உடம்பில் பட்டது அம்மனுக்கு ஆகாது, அது எங்கள் முறை. ராத்தாவின் கையில் கொடுத்தேன்.

“அவட்டக் குடு.”

“அம்மனுக்கு வெச்சதெல்லோ?”

“குடு ராத்தா.”

ராத்தாவின் புருஷன் என்னைப் பாலத்தடிவரை கொண்டுவந்து விட்டார். என் கையில் வெள்ளை இல்லை. எங்கே வெள்ளை என்று கட்டாடியார் கேட்டார். “ஒரு பொம்புள உடுத்திருக்கா, புருஷனக் கொலைகுடுத்தவள்” என்றேன். சிலம்போடு நியாயம் கேட்கப் போன எங்கள் அம்மனும் அப்படிப் புருஷனைக் கொலைகொடுத்தவள்தான். கட்டாடியார் அதற்கு மேல் கேட்கவில்லை. வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு என் காப்பை அவிழ்த்தார். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அம்மை வரவில்லை.

நான் மறுபடியும் தயிர் கொண்டுபோக மூன்று மாதம் ஆனது. போன முதல்நாள் அடுத்த வளவுக்கும் ஒரு சட்டி கொண்டுபோனேன். அவள் இன்னும் இத்தாவில் இருந்தாள். திரைக்கு வெளியே சட்டியை வைத்துவிட்டு நின்றேன். ஒரு கை வந்து சட்டியை உள்ளே இழுத்தது. விரல் நக்குகிற சத்தம் கேட்டது.

“இண்டைக்கும் தண்ணிதான்” என்றாள் உள்ளே இருந்து.

“ஓம்” என்றேன். என் தயிரில் தண்ணீர் இருந்ததில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

உம்மா போய்ச் சேர்ந்து கன காலம். ராத்தாவுக்கு இதெல்லாம் நினைவிருக்கிறது. அதனால்தான் அவள் அன்று என் வாசலில் உட்கார்ந்து பயந்தாள். உம்மா எனக்குச் சொன்ன சொல்லை இப்போது உம்மாவின் மகளுக்கே சொல்கிறார்கள்.

“ரெண்டு நாளைக்கு இஞ்ச நிக்கட்டா?” என்று கேட்டாள்.

“நில். ஏன் கேக்கிறாய்?”

அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து எங்கள் படலையடியில் நின்றது. இரண்டு பேர். இந்த ஊர் ஆட்கள் போலத் தெரியவில்லை. ராத்தாவின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. அவர்கள் வழி கேட்க நின்றவர்களாக இருக்கலாம்.

நான் ராத்தாவின் கையைப் பிடித்து எழுப்பி, உள்ளறையில் உட்காரவைத்து, திரையை இழுத்துவிட்டேன். பிறகு படலைக்குப் போனேன்.